மாஸ்க்கைக் கழற்றிய மத்தியானம்

கணபதிப் பகுதியில் மத்தியானம் மூன்று மணி. பக்கத்துப் பட்டறையில் டீக்காக லேத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் தூங்கும் கணவர் நாச்சிமுத்துவின் மூச்சு துளசிமணிக்குத் தெளிவாகக் கேட்கிறது. வேகவேகமாக ஏறி இறங்கும் மார்பு மெல்லத் தணிகிறது, பிறகு அசையாமல் நின்றுவிடுகிறது. இதயம் பலவீனமாக இருப்பதால் தூக்கத்தில் மூச்சு இப்படித் தடுமாறும், காற்றை ஊதும் மெஷினோடு இணைத்த மாஸ்க்கைப் போடாமல் தூங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட் சத்தம் கேட்டால் போதும், இவர் அதைக் கழற்றிவிடுவார். "ஊட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கேக்காம மூஞ்சிய மூடிட்டுக் கெடக்கோணுமா அம்மணி?" சற்றுமுன் கிணத்துக்கடவுப் பங்காளி வந்தபோதும் கழற்றினார், அவர் போனதும் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். பங்காளி வைத்துப்போன இளநீர்க் குலைமேல் ஜன்னல் வெயில் விழுந்திருக்கிறது. தலையணையில் கிடக்கும் மாஸ்க் யாருக்கும் இல்லாத காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது.

மூச்சு நின்றதிலிருந்து பத்து எண்ணிவிட்டாள். மாஸ்க்கை எடுக்கிறாள், பட்டை விரல்களில் சிக்குகிறது. பதினைந்து. தோளை உலுக்குகிறாள், அசைவில்லை. இத்தனை வருடமாக இவர் தூக்கம் கலைந்துவிடாமல் அவள் மெல்ல நடக்கப் பழகிய வீட்டில், எப்படி எழுப்புவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இருபது. குனிந்து காதருகே சொல்கிறாள்: "ஏனுங்க, ஆரோ வந்திருக்கறாங்க."

மார்பு விலுக்கென்று உயர்கிறது. கண் திறக்காமலே, "வாங்க... வாங்க" என்கிறார். இல்லாத மாஸ்க்கைக் கழற்ற அவர் கை முகத்தைத் தடவுகிறது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை மாட்டுகிறாள். கேட்டருகே யாருமில்லை.

"உக்காரச் சொல்லிப்போட்டேனுங்க," என்கிறாள். "நீங்க தூங்குங்க."