வழிகாட்டியின் பெல்ட்

கூர்முடி மலையின் மூன்றாம் பாதையில் பாரம் மிஞ்சினால், எல்லோரையும் பிணைத்திருக்கும் கயிறே ஒருவரின் பெல்ட்டைக் கழற்றி, அவரைப் பள்ளத்தில் விட்டுவிடும். அன்று புயல்காற்றில் கயிறு முனகியது. "ஒருவர் அதிகம்" என்று அதிலிருந்து எச்சரிக்கை ஒலித்தது.

மலையேற வந்த திவாகர், வழிகாட்டி நஞ்சனின் வாயில் கல்லால் அடித்தான். "உன் பெல்ட்டக் குடுடா! வழிகாட்டியோடத மட்டும் கம்பெனிக்காரனுங்க கழறவிடுவானுங்களா?"

"சார், அத மாட்டாதீங்க, அது..."

அடுத்த அடியில் பல் தெறித்தது. நஞ்சனைப் பாறையோடு அழுத்தி, பெல்ட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, தன்னுடையதை அவன் முகத்தில் வீசினான் திவாகர். நஞ்சன் அதை மாட்டி முடித்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம். திவாகரின் அலறல் பள்ளத்துக்குள் தேய்ந்தது.

நஞ்சன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, பாதியில் நின்ற பேச்சை வெறுங்கயிற்றிடம் முடித்தான்.

"வழிகாட்டி பெல்ட்டுதான் சார் முதல்ல கழறும். அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்."