முழுசாக வைத்திருப்பவர்: 1

தொண்ணூற்றாறு சதவீதத்துக்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டு உயிரை வாங்கியது அந்த டவுன்லோடு.

ஜெனிஷ் ஐந்து நாளாக அதன் முகத்தில்தான் விழித்துக்கொண்டிருந்தான். ரயில்வே பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வயது வரம்பில் இதுதான் கடைசி முறை. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். இதையும் விட்டால் கல்மண்டபத்தில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து புளி நிறுக்க வேண்டியதுதான்.

யாரோ ஒருவர் கணக்குப் பாடம் முழுவதையும் நூற்றிருபது வீடியோவாக எடுத்து, இலவசமாக டோரண்டில் போட்டிருந்தார். டோரண்டில் ஒரு ஏற்பாடு உண்டு. வைத்திருப்பவர் தன் கம்ப்யூட்டரை ஓட விட்டால், மற்றவர்கள் அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவன் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும்.

ஜெனிஷ் இதில் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டான். வருவது வேகமாக வரட்டுமென்று, தன்னிடமிருந்து வெளியே போகிற வழியை ஒரேயடியாக அடைத்துவிட்டான். அப்படியும் எறும்பு ஊர்கிற கதைதான்.

திரையில், காத்திருப்பவர்கள்: 41. முழுசாக வைத்திருப்பவர்: 1.

எங்கேயோ ஒரு புண்ணியவான். மற்றவர்களெல்லாம் எடுத்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

கேபிள் நெட் லோகநாதனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"உன் லைன்ல ஒண்ணும் இல்ல நைனா. இந்தத் தெருவுக்கே ஒரே பொட்டிதான். அதுல ஆலிஸம்மா வூட்டு கம்ப்யூட்டரு ராப்பகலா எதையோ அனுப்பிகினே கீது. மூணு வருசமா ஒரு நாளு நின்னதில்ல."

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"நான் எப்டி சொல்றது? மாசாமாசம் கரெக்டா கட்டுது அந்தம்மா. வோணும்னா நீ போய்க் கேளு."

ஐஸ் கம்பெனியில் கூலிக்குப் போகிற அம்மாளுக்கு ராப்பகலாக நெட் எதற்கு? ஜெனிஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெனிஷ் வீட்டார் இந்தத் தெருவுக்குக் குடிவந்து எட்டு மாதம்தான். ஆலிஸிடம் அவன் பேசியதில்லை. அன்று நேரே போய் நின்றான்.

ஒற்றை அறை வீடு. மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. இருந்த ஒரே டேபிள் ஃபேனும் அதைப் பார்த்துத்தான் ஓடியது. ஆலிஸ் வேர்த்து வழிய நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எம்புள்ள அலெக்ஸு வெச்சது நைனா. ஆஸ்பத்திரிக்குப் போகசொல்ல, 'நான் வர்ற வரிக்கும் இத்த ஆஃப் பண்ணாதம்மா, ஜனங்க எடுத்துகினு இருப்பாங்க'ன்னான்."

நெத்திலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வரல."

ஜெனிஷ் ஒரு கணம் தடுமாறினான். ஆனால் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறதே.

"ஆன்ட்டி, இதுல திருட்டுப் படம் போய்க்கினு இருக்கு. போலீஸ் கேஸ் ஆயிடும். உங்க புள்ள பேருதான் நாறும்."

பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

ஆலிஸின் கை அப்படியே நின்றது. முகம் செத்துப்போயிற்று. "எம்புள்ளயா? திருட்டா?"

அவன் கம்ப்யூட்டர் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"அவன் பேரு கெட வாணாம். நீயே நிறுத்திட்டுப் போ. எனக்குக் கை வராது."

ஜெனிஷ் பொத்தானை அழுத்தினான். மூன்று வருஷத்து இரைச்சல் அடங்கியது. ஃபேன் மட்டும் அந்த மூலைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆசையாகத் திரையைப் பார்த்தான். டவுன்லோடு சுத்தமாக நின்றிருந்தது.

முழுசாக வைத்திருப்பவர்: 0.

நெட்டை அணைத்துப் போட்டான். அதே பூஜ்யம். சரி, வந்த வரைக்குமாவது படிப்போம் என்று முதல் பாடத்தைத் திறந்தான். ஒரு நோட்டு, எழுதுகிற ஒரு கை. முகம் தெரியவில்லை.

"கணக்குன்னா பேஜாராவாதீங்க தோஸ்துங்களா. பொறுமையாப் போலாம்..."

பாடத்தின் நடுவே, பின்னாலிருந்து இன்னொரு குரல்.

"அலெக்ஸு, சோறு ஆறுது பாரு. துன்னுட்டு அப்பால பேசு."

அந்தக் குரலை அவன் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தான்.

செருப்புகூடப் போடாமல் ஓடினான். ஆலிஸ் வீட்டுக்குள் புகுந்து பொத்தானை அழுத்தினான். சின்ன விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் எதுவோ டக் டக்கென்று தட்டிக்கொண்டது. திரை கறுப்பாகவே இருந்தது. நாலைந்து தடவை அழுத்தியும் அதே டக் டக்.

லோகநாதனைப் போன் போட்டு வரவழைத்தான். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"டிஸ்க் பூட்ச்சு. நிக்காம ஓடுன வரிக்கும் தாக்குப் புடிச்சிச்சு. இனிமே எழுந்துக்காது."

லோகநாதன் போன பிறகும் ஜெனிஷ் அங்கேயே நின்றான்.

"ஆன்ட்டி, அது திருட்டுப் படம் இல்ல. அலெக்ஸ் எடுத்த கணக்குப் பாடம். எங்களமாரி பசங்களுக்கு அவன் சும்மா குடுத்தது. நான்தான் பொய் சொன்னேன்."

ஆலிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கு வந்தபடி ஏசட்டும், அடித்தால்கூட வாங்கிக்கொள்வோம் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்போ எம்புள்ள திருடல?"

"இல்ல ஆன்ட்டி."

"அது போதும் நைனா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "இன்னாத்துக்கு இப்டி ஓடியாந்த? எப்டி வேர்த்துக் கீது பாரு" என்று, மூன்று வருஷமாக அந்த மூலையைப் பார்த்தே நின்ற ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.