இடது பக்கக் கண்ணாடி

"அண்ணே, ஒண்ணு இந்த ஆளு இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். இப்பவே சொல்லுங்க!"

அம்பத்தூர் கல்யாண மண்டபத்தின் பின்வாசலில், சமையல் கான்ட்ராக்டர் இராமகிருஷ்ணனை மறித்துக்கொண்டு நின்றாள் ராணி. அவளுக்குப் பின்னால், காய் நறுக்கும் பெண்கள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அவருடைய பழைய பிக்கப் வண்டியில், அண்டாக்களுக்கு நடுவே குந்தி வந்தவர்கள்.

"என்னம்மா ஆச்சு? முகூர்த்த நேரத்துல..."

"உங்க டிரைவரு ரோட்டைப் பாத்தா ஓட்றாரு? லெஃப்ட் கண்ணாடியை உள்பக்கம் திருப்பி வச்சிகினு, வழி பூரா நம்ம தாட்சாயிணியையே பாத்துகினு வர்றாரு!"

தாட்சாயிணி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"எப்ப நிமிர்ந்தாலும் கண்ணாடியில அவரு மூஞ்சிதாண்ணே. நேத்து, 'அங்க குந்தாத, முன்னால வந்து குந்து'ன்னு வேற சொல்றாரு," என்றாள் தலை நிமிராமலே.

டிரைவர் வேம்புலி வண்டியோரமாக நின்றபடியே முனகினான்.

"கண்ணாடி லூசா கீதுண்ணே. குலுங்கினா தானா திரும்பிக்குது."

"ஆமாமா, குலுங்கினா எங்க பக்கம் மட்டும் கரெக்டா திரும்பிக்குமாம்!"

பெண்கள் சிரித்தார்கள். வேம்புலி சிரிக்கவில்லை.

இராமகிருஷ்ணன் கையை உயர்த்தினார். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா. என் வண்டியில ஏர்ற பொம்பளைங்களுக்கு ஒரு சின்னக் கஷ்டம்னாலும் எனக்குச் சோறு இறங்காது. இன்னிக்கே கண்ணாடியை மாத்திடறேன்."

சொன்னபடியே செய்தார். மதியப் பந்தி முடிந்ததும் பக்கத்து ஊரான பாடியில், அப்துல் ரசாக்கின் மெக்கானிக் ஷெட்டில் வண்டி நின்றது. துருப்பிடித்த ஸ்டாண்டோடு பழைய கண்ணாடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரெண்டு பக்கமும் புதுசு மாட்டினார் ரசாக். போல்ட்டை இறுக்கி, ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இனிமே நீயா திருப்பினாத்தான் திரும்பும் நைனா," என்றார் வேம்புலியிடம். "வேற எதுனா பாக்கணுமா?"

வேம்புலி வாயைத் திறந்தான்.

அதற்குள் இராமகிருஷ்ணன், "ஒண்ணும் வேணாம் பாய். மாசம் பூரா முகூர்த்தம். வண்டி ஒரு நாள் நின்னாலும் பொழப்பு போச்சு," என்று சாவியை எடுத்து வேம்புலியின் கையில் திணித்தார்.

மறுநாள் பூந்தமல்லியில் கல்யாணம். மண்டபத்து வாசலில் வண்டி சரியாக நிற்கக்கூட இல்லை. ராணி குதித்து இறங்கினாள்.

"அண்ணே! இங்க வாங்க! வந்து உங்க கண்ணால பாருங்க!"

புத்தம் புதுக் கண்ணாடி. நேற்றுப் போலவே உள்பக்கம் திரும்பியிருந்தது.

"இப்ப இன்னா சொல்லப்போறே? இதுவும் லூசா?"

வேம்புலி ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"சாவியைக் குடுத்துட்டு இறங்குடா," என்றார் இராமகிருஷ்ணன். "உன்னை நம்பிப் பொம்பளைங்களை ஏத்துனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அண்ணே, இந்த வேலையும் பூட்ச்சின்னா நான் எங்க போவேன்? ஊட்ல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறது."

"சாவி!"

கொடுத்தான். இறங்கி ஓரமாக நின்றான்.

ராணிக்கு அப்போதும் ஆறவில்லை. "இத்தினி நாளா எங்களை இன்னா லட்சணத்துல பாத்துகினு வந்தான்னு நானும் பாக்கறேன். தாட்சாயிணி, நீ எப்பவும் குந்துற எடத்துல போய்க் குந்து!"

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தாட்சாயிணி பின்னால் ஏறி, வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து பின்கதவில் சாய்ந்தாள்.

ராணி கண்ணாடியைப் பார்த்தாள்.

மேல் ஓரத்தில் தாட்சாயிணியின் பாதி முகம். கண்ணாடிக்கு நட்ட நடுவில், பின்கதவை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் கொக்கி. தாட்சாயிணி சாயச் சாய, தேய்ந்துபோன அந்தக் கொக்கி மெல்ல வெளியே நழுவிக்கொண்டிருந்தது.

"ஏய், எழுந்திருடி!"

தாட்சாயிணி பதறி எழுந்தாள். பின்கதவு தடாலென்று கீழே விழுந்து தொங்கியது. பக்கத்திலிருந்த அண்டா ஒன்று உருண்டு போய் ரோட்டில் விழுந்தது.

ராணி இறங்கி வேம்புலியிடம் வந்தாள்.

"யோவ், இது தெரிஞ்சேதான் ஓட்டிகினு வந்தியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

வேம்புலி இராமகிருஷ்ணனைப் பார்த்தான். அவர் செல்போனில் ஏதோ தேட ஆரம்பித்திருந்தார்.

"சொன்னா நீங்கல்லாம் வண்டி ஏற மாட்டீங்கோ, சொல்லாதேன்னு அண்ணன்தான் சொல்லிச்சு. அதான், பாத்துகினே வந்தேன்."