தைலப் புட்டியில் இரண்டு படங்கள்

கதவைத் திறந்த தெர்ஸா ஹோலட், தலைத்துணியை நெற்றிவரை இறக்கி இறுக்கிக் கட்டியிருந்தாள். தைல விளம்பரப் படத்தில் பார்த்த அவ்வளவு முடியை அடுப்புப் புகையில் யார்தான் காட்டுவார்கள் என்று லோரீனா நினைத்துக்கொண்டாள்.

விளம்பரத்தில் போட்டிருந்த பெயரையும் ஊரையும் நம்பி ரோசெஸ்டரிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள் அவள். கைப்பையிலிருந்து டாக்டர் கிரிட்லி கூந்தல் தைலப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

லேபிளில் இரண்டு படங்கள். 'முன்பு' என்றதில் மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக ஒருத்தி. 'பின்பு' என்றதில் முழங்கால்வரை கூந்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பத்து வயது குறைந்தவளாக.

"இது நீங்கதானா?"

"நான்தான். உள்ள வா." குரலில் சுரத்தே இல்லை.

"ரெண்டுமேவா? மொட்டை ஒருத்தி, முடி இன்னொருத்தி, நல்லா ஏமாந்துட்டே நீன்னு எங்க தெருவே சிரிக்குது."

"ரெண்டும் நான்தான். கம்பெனிப் படக்காரர்தான் ரெண்டையும் எடுத்தாரு." தெர்ஸா தாடையைத் திருப்பி மச்சத்தைக் காட்டினாள். இரண்டு படத்திலும் அது இருந்தது.

லோரீனாவுக்கு மூச்சு வந்தது. தொப்பியைக் கழற்றினாள். உச்சியில் மண்டைத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது.

"காய்ச்சலுக்கு அப்புறம் கொஞ்சம் கொட்டுச்சு. இதைத் தேய்க்க ஆரம்பிச்சதும் கொத்துக் கொத்தா வருது. பழைய முடி போனாத்தான் புதுசு வரும், நிறுத்திடாதேங்கிறாரு மருந்துக்கடைக்காரர். அக்டோபர்ல எனக்குக் கல்யாணம். அவர் எதிர்ல தொப்பியைக் கழட்டவே பயமா இருக்கு. உங்களுக்கும் இப்படித்தான் கொட்டுச்சா?"

"இப்படியேதான்."

"அப்பாடா!" லோரீனா சிரித்தேவிட்டாள். கண்ணில் நீர் கோத்தது. "அப்ப எனக்கும் வந்துரும். இன்னிக்கு ராத்திரியே இன்னும் கொஞ்சம் கூடத் தேய்க்கிறேன்."

தெர்ஸா போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு இழை முடிகூட இல்லை.

லோரீனா கிட்டே வந்து பார்த்தாள். "ஐயோ... மறுபடியும் கொட்டிருச்சா?"

"மறுபடியும் இல்லம்மா. நீளமுடிப் படம்தான் முதல்ல எடுத்தது."