இரண்டாவது சரணம்

"டாக்டர், என் ஃபோனுக்குப் பேய் பிடிச்சிருக்கு! நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்த நாள்லேர்ந்துதான்!"

கணக்கு வாத்தியார் கண்ணாடிக் கவுண்டரின் மேல் ஃபோனைப் பொத்தென்று வைத்தார். செல்ஃபோன் ரிப்பேர் செய்கிறவரை அந்தக் கடைத்தெரு முழுக்க டாக்டர் என்றுதான் கூப்பிடும். டாக்டர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"என்ன சார் பண்ணுது?"

"பாடுது! நேத்து ஸ்கூல்ல இரங்கல் கூட்டம். எல்லாரும் மௌனமா நிக்கறோம். என் பாக்கெட்டுக்குள்ளேர்ந்து 'லொடலொடா லொடலொடா'ன்னு ஒரு பொண்ணு கத்துறா. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அப்படியே பூமிக்குள்ள புதைஞ்சிடலாம்னு ஆயிடுச்சு."

பில் போடும் பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், நாமதான் இவருக்கு டிஸ்ப்ளே மாத்திக் குடுத்தோம்" என்று டாக்டருக்கு நினைவுபடுத்தினாள். பிறகு வாத்தியாரிடம் திரும்பி, "அது இப்ப செம ஹிட்டு சார். எங்கேயோ கிடந்த பாட்டு, இந்த வாரம் டாப் லிஸ்ட்ல பன்னெண்டாவது இடம்" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டைப் பாடியது அவருடைய மகள். வேறு பெயர் வைத்துக்கொண்டு பாடிய முதல் பாட்டு. வெள்ளிக்கிழமைக்குள் முதல் பத்தில் நுழைந்தால்தான் அடுத்த பாட்டு என்று கம்பெனிக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான். பாட்டோ அடிமட்டத்திலேயே நொண்டிக்கொண்டிருந்தது. பெற்ற மனசு சும்மா இருக்குமா?

ரிப்பேருக்கு வந்த ஃபோன்களில் எல்லாம் பாட்டு ஆப்பைத் திறந்து அதையே ஓட்ட ஆரம்பித்தார். பலகைத் தடுப்புக்குப் பின்னால், யாரும் பார்க்காமல், சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு. அரை நிமிஷம் ஓடினால் போதும், ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. உடனே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. பாட்டும் மளமளவென்று ஏறியது. 'முகம் தெரியாதவங்கல்லாம் கேக்கறாங்கப்பா' என்று மகள் நேற்று கண் கலங்கியபோது, டாக்டர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாத்தியார் ஃபோனில் அந்த ஆப்பை மூட மறந்ததுதான் இப்போது வினையாகிவிட்டது.

"இதெல்லாம் ஒரு பாட்டா?" வாத்தியார் விடுவதாக இல்லை. "பாடத் தெரியுதோ இல்லியோ, எடுத்த எடுப்புலயே கத்தணும். ரீல்ஸுக்குத் தோதா அரை நிமிஷம் இருந்தாப் போதும், ஹிட்டு!"

"ரெண்டாவது சரணம் வரைக்கும் கேட்டுப் பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண். "முன்னாடி சும்மா விளையாட்டு. அங்கதான் பாட்டே இருக்கு."

"அதுவரைக்கும் எவன் கேக்கறான்? ஜனங்க ஏத்தி விட்ட பாட்டு இல்லம்மா இது. எவனோ உக்காந்து தள்ளி விடறான்."

"இல்ல சார், ஜனங்க பிடிச்சுத்தான் கேக்கறாங்க." அவள் குரலில் லேசாகக் கோபம் ஏறியது.

"அப்படியா? இதைப் பாரு." வாத்தியார் ஃபோனைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "நான் கேட்ட பாட்டுங்களாம். வரிசையா இது ஒண்ணேதான். எல்லாம் அரை அரை நிமிஷம். எல்லாம் ஃபோன் இந்தக் கடையில கிடந்த அன்னிக்கு. கணக்கு வாத்தியார்கிட்டயே கணக்கு காட்டறீங்களா டாக்டர்? சொல்லுங்க, உங்களுக்கு அவ்வளவு பிடிச்ச பாட்டா இது?"

அந்தப் பெண் ஃபோனைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டருக்குக் காது மடல் சுட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குட்டு உடைந்துவிடும். அடுத்தவர் ஃபோனில் கை வைத்தவன் என்று கடைத்தெருவே காறித் துப்பும். பயத்தில் நாக்கு தானாகப் புரண்டது.

"சேச்சே! ஸ்பீக்கர் டெஸ்ட் சார். தகரத்துல ஆணியால கீறுற மாதிரி கத்துறா இல்ல? அதைத் தாங்கிட்டா ஸ்பீக்கர் எதையும் தாங்கும். மத்தபடி காது இருக்கறவன் கேப்பானா அந்தக் கண்றாவியை?"

"அப்படிச் சொல்லுங்க!" வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்க, ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

டாக்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோல் மேஜையைத் துழாவினார். அது கண்ணெதிரிலேயே கிடந்தது. சே, இப்படியா பேசுவேன் என்று தன் வாயைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"எல்லா ஃபோன்லயுமா?" என்றாள் அவள்.

அவர் குனிந்தபடியே தலையை ஆட்டினார்.

"அரை அரை நிமிஷம்தானா? ஒரு தடவைகூட முழுசாக் கேக்கலயா?"

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கடைக்குள் தன்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் அவளுக்குப் போட்டிருந்த சட்டம். வாசலில் நின்று முதல்முறையாக அதை மீறினாள்.

"அந்த ரெண்டாவது சரணம், உங்களைப் பத்தி நான் எழுதினதுப்பா."