முதலாளி அனுப்பிய கார்

"முதலாளி கூப்புடுறாக. பையனையும் தூக்கிட்டு வரச் சொன்னாக" என்றான் டிரைவர் சங்கிலிமுத்து. காரின் பின்கதவை அதற்குள் திறந்து வைத்திருந்தான்.

வள்ளித்தாய்க்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. முதலாளி செந்தூர்பாண்டி இதுவரை அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கார் அனுப்பிக் கூப்பிடுகிறார் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவள் மகன் ஸ்ரீராம்குமாருக்கு மூளை முடக்குவாதம். ஏழு வயதாகியும் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவான். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, விருதுநகரில் முகாம், பிள்ளைகள் போதுமான அளவு வராவிட்டால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று நர்ஸ் ஞானஜோதி அவர்கள் ஊரான நாரணாபுரத்தில் தெருத்தெருவாக வந்து சொன்னார். அவர் அரசாங்க ஜீப்பில் வந்ததுதான் தப்பு.

இந்தப் பக்கத்தில் அரசாங்க ஜீப் என்றால் கம்பெனிக்குச் சீல் வைக்க வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஜீப்பைப் பார்த்ததும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. ஆராய்ச்சியெல்லாம் சும்மா, இந்தப் பிள்ளைகளுக்கு வெடிமருந்துதான் காரணம் என்று காட்டிக் கம்பெனியை மூடப் பார்க்கிறார்கள், பேர் கொடுக்கிறவள் எல்லார் சோற்றிலும் மண்ணைப் போடுகிறவள் என்று கம்பெனி போர்மேன் வேறு சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு யார் பேர் கொடுப்பார்கள்?

வள்ளித்தாய் கொடுத்தாள். தெருவுக்குத் தெரியாமல், காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போகிறவள் போல ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுத்தாள். பிறந்ததும் பிள்ளை அழுதானா, வயிற்றில் இருந்தபோது என்ன வேலை பார்த்தாய் என்றெல்லாம் ஞானஜோதி கேட்டார். வெடிமருந்து அடைக்கிற ரூமில் என்று கம்பெனி பேரோடு சொல்லித் தொலைத்தாள். அதனால்தான் இப்படி ஆனதா என்று அவள் கேட்டதற்கு, தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி என்றார் நர்ஸ்.

நாளைக்கு முகாம். இன்றைக்குக் கார் வந்து நிற்கிறது.

புருஷனும் ஊரில் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன் போனை எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறான், அவனும் அதே கம்பெனி லாரியில்தான் ஓடுகிறான்.

பின் சீட்டில் பிள்ளை சரியாமல் இருக்க அணைத்துப் பிடிக்கப் போனாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டில் இரண்டு பக்கமும் ஏற்கனவே துண்டுகளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். அவன் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்து சன்னலில் வேடிக்கை பார்த்தான். இருந்த பயத்தில் அவளுக்கு அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

முதலாளி நல்ல மனுஷன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேத்தி பிறந்தபோது கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தவர். அந்தப் பேத்தி சென்னையில் வளர்கிறாளாம், இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனால் கம்பெனிக்கு ஒன்று என்றால் நல்ல மனுஷனும் மாறிவிடுவான் என்று அடுத்த நிமிஷமே நினைத்தாள்.

சிவகாசியில் முதலாளி வீட்டுக் கூடத்தில் அவரைத் தவிர யாருமில்லை. பையனைச் சோபாவில் உட்கார வைக்கச் சொன்னார். சங்கிலிமுத்துவை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவரே எழுந்து வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அரசாங்க ஆராய்ச்சிக்குப் பேரு குடுத்திருக்கியாமே?"

வள்ளித்தாய் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"உன்னைத் தவிர இந்தப் பக்கம் வேற யாரும் குடுக்கலையாமே?"

"பேரை அடிச்சிரச் சொல்லிருதேன் முதலாளி. மருந்து ரூமுன்னு சொன்னதும் பொய்யின்னு சொல்லிருதேன். எங்க வேலையில மட்டும் கைய வச்சிராதீக."

என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பிள்ளை தானாக ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கமாட்டானா என்ற ஒரே ஆசையில்தான் துணிந்து போய் வந்தாள். அதையும் இப்போது தன் வாயாலேயே அழித்துக்கொண்டிருந்தாள்.

செந்தூர்பாண்டி தோளில் கிடந்த துண்டை உருவி, இரண்டு கைகளாலும் இறுக்கி முறுக்கினார். முறுக்கியபடியே பையனை நோக்கி வந்தார்.

வள்ளித்தாய் குறுக்கே போய் நின்றாள். "என்னைய என்ன வேணாலும் செய்யுங்க, அவனை ஒண்ணும் செஞ்சிராதீக" என்று சொல்ல நினைத்தாள், அதற்குள் அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தார். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

சத்தம் ஏதும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். சோபாவில் இடது பக்கம் சரிந்துகொண்டிருந்த பையனின் அக்குளுக்குக் கீழே, முறுக்கிய துண்டைச் செருகி அவனை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார் முதலாளி. அவள் தினமும் வீட்டில் செய்கிற மாதிரியே, அதே இடத்தில்.

நிமிர்ந்தவர் கூடத்தின் கோடியில் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்த அறையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, கம்பெனியில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்.

"உள்ள எம் பேத்தி இருக்கா. நாளைக்கு இவனோட அவளையும் கூட்டிட்டுப் போறியா, தாயி?"