தொப்பிப் பாறையின் அடியில் குடியிருந்தவர்

பரந்த புல்வெளியின் நடுவே, மழை அரித்த மண்மேடுகளுக்கு இடையில், தொப்பி வைத்ததுபோல் ஒரு பாறை நின்றது. அதன் கழுத்து மெலிந்துவிட்டதால் யாரும் தொடாதபடி வேலி போட்டிருந்தார்கள்.

ஒருநாள் ஞானசிகாமணி என்பவர் கேமராவை முக்காலியில் பொருத்திவிட்டு, வேலியைத் தாண்டி வந்து பாறைமேல் சாய்ந்து சிரித்தார். பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

"ஐயோ, விழுந்துடுவேன் போலிருக்கே! கடிச்சுக் கிடிச்சு வைக்காம இவரை எப்படியாவது அனுப்பிடேன்!" என்று தன் அடியில் குடியிருந்த நாகத்திடம் பாறை கெஞ்சியது.

நாகம் வெளியே வந்தது. மறுகணம் ஞானசிகாமணி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவருடைய செருப்பு ஒன்று மட்டும் இந்தப் பக்கம் கிடந்தது.

"அப்படி என்னப்பா செஞ்சே?" என்று கேட்டது பாறை.

"பெரிசா ஒண்ணுமில்லே. அவர் படம் எடுக்கத்தானே வந்தார்? நானும் எடுத்தேன்," என்றது நாகம்.